பேச்சியக்காவின் மூன்றாம் பக்கம்

இதை நம்புங்கள் என்று நான் யாரையும் கெஞ்சப் போவதில்லை. பேய் என்றால் நடுராத்திரி, புளியமரம், நாய் ஊளை எல்லாம் வேண்டும் என்பவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். இது நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். எட்டு டியூப் லைட் எரிந்துகொண்டிருந்த ஹாலில். இருபத்திமூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் டீ கூடக் கொடுத்தார்கள். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன். ஏன் மாற்றினேன் என்பது போகப் போகத் தெரியும். மற்றபடி ஒரு சொல் கூட்டவில்லை.

என் பெயர் பானுமதி என்று வைத்துக்கொள்ளுங்கள். தாராவியில், நைன்டி ஃபீட் ரோடு பக்கம், நாலு மெஷின் போட்டு பிளவுஸ் தைக்கிற பட்டறை நடத்துகிறேன். பயந்த சுபாவம் கிடையாது. பயந்திருந்தால் தனி மனுஷியாக இருபது வருஷம் இங்கே பட்டறை நடத்தியிருக்க முடியாது.

எங்கள் ஏரியாவில் ஒரு வரலாற்று வட்டம் இருக்கிறது. மாதத்தின் இரண்டாவது ஞாயிறு, மாலை 4.30 மணிக்கு, ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் மாடி ஹாலில் கூடுவோம். ஒரு மாதம் பேச்சு. ஒரு மாதம் கல்லி கல்லியாக, சந்து சந்தாக நடந்து போய் எந்தப் பட்டறை எங்கே இருந்தது என்று குறித்துக்கொள்வது. இன்னொரு மாதம் பழைய போட்டோக்களைப் பரப்பி வைத்து யார் யார் என்று பெயர் எழுதுவது. "பானுவுக்கு வேற வேலை இல்ல, செத்தவங்க கதையைக் கேட்டுட்டுத் திரியுதா" என்று என் தம்பி பெண்டாட்டி சொல்லுவாள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

தாராவியைப் பற்றி வெளியாட்கள் எழுதாத பொய் கிடையாது. கேமராவோடு வருவார்கள், ரெண்டு நாள் சுற்றுவார்கள், வாய்க்கு வந்ததை எழுதிவிட்டுப் போவார்கள். அந்த எரிச்சலில்தான் எங்கள் வட்டத்தில் ஒரு விதி வைத்தோம். யாருடைய ஞாபகத்தைச் சபையில் வாசிக்கிறோமோ, அவரே வந்து முன்வரிசையில் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வேண்டும். ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் வாசிப்பவர் நிறுத்தி, நாற்காலியைப் பார்த்து, "சரியா?" என்று கேட்க வேண்டும். அவர் "சரி" என்றால் அடுத்த பக்கம். "இல்ல" என்றால் அதோடு ஃபைலை மூடிவிட வேண்டும். மறுபேச்சுக் கிடையாது. ஒரு தடவை ஜெயினுலாப்தீன் பாய், "எங்க வாப்பா தோல் பட்டறையில மேஸ்திரி இல்ல, கூலி. பொய்ப் பெருமை வேண்டாம்" என்று சொல்லி, அரை மணி நேரத்தில் கூட்டத்தையே முடித்துவைத்தார்.

வர முடியாத நோயாளி என்றால் வீட்டுக்கே போய் வாசித்துக் காட்டி, ஒப்புதல் தாளில் கையெழுத்தோ கைநாட்டோ வாங்க வேண்டும். ஆள் இறந்துவிட்டால் பிள்ளைகளின் சம்மதம் வேண்டும். இதுதான் விதி. இதை எழுதியவரே எங்கள் செயலாளர் கோமதிநாயகம் அண்ணாச்சிதான்.

அண்ணாச்சி ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். தோளில் எப்போதும் ஒரு ரெக்சின் பை தொங்கும். அதில் ரேஷன் ஃபாரம், ஆதார் ஃபாரம், டெத் சர்டிபிகேட் ஃபாரம், ஊதா மை வைத்த ஸ்டாம்ப் பேட், எல்லாம் இருக்கும். யார் வீட்டில் துக்கம் என்றாலும் முதல் போன் அவருக்குத்தான் போகும். பதினோரு வருஷமாக ராக்கிக்கு அவர் கையில்தான் நான் கயிறு கட்டுகிறேன். எனக்குக் கூடப்பிறந்த அண்ணன் கிடையாது. இருந்திருந்தாலும் அவரை நம்பிய அளவுக்கு நம்பியிருப்பேனா தெரியாது.

இது நடந்த வருஷம் மார்ச்சில் முத்துப்பேச்சி அக்காவின் பேச்சை வட்டத்துக்காகப் பதிவு செய்தேன். எழுபத்தொரு வயது. ஒரு காலத்தில் எங்கள் கல்லியில் தலையில் கூடை வைத்து இட்லி விற்றவள். நாலு வருஷமாக, பஸ்ஸில் போகிற தூரத்தில், தேவ்நாரில் மகன் சுடலைக்கண்ணன் வீட்டில் இருந்தாள். நாற்பது வருஷத்துக்கு முன்னால் எங்கள் கல்லியில் பிடித்த தீயை நேரில் பார்த்தவர்களில் மிச்சம் அவள் ஒருத்திதான். அக்காவுக்குக் கை நடுக்கம் உண்டு. பதிவுக்குச் சம்மதம் என்று தாளில் கைநாட்டு வைக்கச் சொன்னால் ஒரு ரேகை மூன்றாகக் கலங்கிவிட்டது. "கோலத்தை நாய் மிதிச்ச மாதிரி இருக்குளா" என்று அவளே சிரித்தாள்.

தீயைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தவள் திடீரென்று ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டாள். நாலு நிமிஷம். மகனைப் பற்றியது. அதற்கு மேல் உங்களிடமும் சொல்ல மாட்டேன். அவன் காதில் விழுந்தால் அவன் வாழ்க்கையே தலைகீழாகப் புரண்டுவிடும், அவ்வளவுதான். சொல்லி முடித்ததும் அக்காவுக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இதை அழிச்சிருளா. நான் இருக்கும்போதும் வேண்டாம், செத்த பிறகும் வேண்டாம். அவன் காதுல விழக் கூடாது."

கையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

பதிவுகள் எல்லாம் அண்ணாச்சியிடம்தான் இருக்கும். மெமரி கார்டைக் கொடுக்கும்போதே சொன்னேன், அந்த நாலு நிமிஷத்தை வெட்டிவிடுங்கள் என்று. "என் பிள்ளைங்க மேல ஆணை, பானு" என்றார். பிள்ளைகள் மேல் ஆணை வைத்த மனிதரிடம் அதற்கு மேல் என்ன கேட்பது?

ஜூலையில் ஒரு கல்யாணத்துக்காக திருநெல்வேலி போனேன். திங்கட்கிழமைதான் திரும்புவேன் என்று அண்ணாச்சியிடம் சொல்லியிருந்தேன். அந்த மாதக் கூட்டத்தில் பழைய போட்டோ வேலைதான் என்றார், நீ வராவிட்டாலும் பரவாயில்லை என்றார். தற்செயலாக ஒரு நாள் முன்னதாகவே டிக்கெட் கிடைத்தது. ஞாயிறு மதியம் 12.20க்கு தாதரில் இறங்கினேன். நல்ல மழை. வீட்டுக்கு வந்து, குளித்து, சாப்பிட்டு, போனை சார்ஜில் போட்டு எடுத்தபோது மணி 3.05. வட்டத்தின் வாட்ஸப் குரூப்பில் அண்ணாச்சி போட்டிருந்த அறிவிப்பு.

"இன்று மாலை 4.30. தீப்பிடித்த கல்லி: முத்துப்பேச்சி அம்மாளின் சாட்சியம். மூன்று பக்கங்கள். மூன்றாம் பக்கத்தில் இதுவரை யாரும் கேட்டிராத செய்தி. கல்லூரி நண்பர்கள் வீடியோ எடுக்கிறார்கள். அனைவரும் வருக."

இரண்டு தடவை படித்தேன். அந்த நாலு நிமிஷம் அழியவில்லை. நான் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்து வைத்திருக்கிறார்.

அவருக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை. பேச்சியக்காவுக்குப் போட்டேன். ஸ்விட்ச் ஆஃப். குடையை எடுத்துக்கொண்டு நடந்தேன்.

பள்ளிக்கூட மாடிப்படிக்கு வந்தபோது மணி 4.22. படியடியில் பேச்சியக்கா நின்றுகொண்டிருந்தாள்.

"வந்துட்டியாளா?" என்றாள்.

எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. வாசிப்பவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் நாற்காலியில் இருப்பவள் "இல்ல" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். "நல்ல வேளை வந்தீங்க அக்கா. அண்ணாச்சி என்ன வேலை செஞ்சிருக்காரு பாத்தீங்களா? தேவ்நார்ல இருந்து எப்படி வந்தீங்க?"

அப்போதுதான் சேலையைக் கவனித்தேன். புதுச்சேலை. மடிப்புக் கூடக் கலையவில்லை. வெளியே அப்படி ஒரு மழை... சேலையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

"புதுச்சேலையா அக்கா?"

"அண்ணன் வீட்டுல போட்டாங்க."

படி ஏறினோம். அக்கா இரண்டு கால்களையும் ஒட்டி ஒட்டி வைத்து ஏறினாள். சர்... சர்... ஒரு படிக்கு ரெண்டு தடவை அந்தச் சத்தம். மூட்டு வலி என்று நினைத்து கை கொடுக்கப் போனேன்.

"வேண்டாம்ளா. கால் பிரிய மாட்டேங்குது, அவ்வளவுதான்."

சேலையில் வலது கைப் பெருவிரலைத் தேய்த்துக்கொண்டே வந்தாள். விரல் நுனி முழுக்க ஊதா மை.

"என்ன மை அக்கா?"

"தேய்ச்சாலும் போக மாட்டேங்குது."

ஹாலில் சிவப்பு நாற்காலி காலியாக இருந்தது. அக்கா போய் உட்கார்ந்தாள். பக்கத்தில் நான். எங்கள் உறுப்பினர் ஆஸியா டீத் தட்டோடு வந்தாள். நான் ரெண்டு கிளாஸ் எடுத்து, ஒன்றை அக்காவின் நாற்காலிக் கைப்பிடியில் வைத்தேன். ஆஸியா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனாள். அக்கா டீயைத் தொடவில்லை.

4.31. அண்ணாச்சி ஃபைலோடு வந்தார். என்னைப் பார்த்ததும் ஒரு நொடி நின்றார். முகம் சுருங்கியது. பிறகு என்னைப் பார்க்காத மாதிரி மைக்கைத் தட்டினார்.

"முத்துப்பேச்சி அம்மாளுக்கு உடம்பு சுகமில்ல. வர முடியல. நான் நேர்ல போய் வாசிச்சுக் காட்டி, ஒப்புதல் தாள்ல கைநாட்டு வாங்கியிருக்கேன்."

ஒரு தாளைத் தூக்கிக் காட்டினார். கீழே ஊதா நிறத்தில் ஒரு கைநாட்டு.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆள் இங்கே உட்கார்ந்திருக்கிறாள். முகத்துக்கு நேராக இப்படி ஒரு பொய்யா? இத்தனை பேரில் ஒருத்தராவது கேட்க மாட்டார்களா? நான் எழுந்தேன்.

மணிக்கட்டில் ஒரு பிடி விழுந்தது. ஐஸ் பெட்டிக்குள் கை விட்ட மாதிரி சில்லென்று.

"இரு. வாசிக்கட்டும்" என்றாள் அக்கா.

உட்கார்ந்தேன்.

முதல் பக்கம். தீ எந்த வீட்டில் ஆரம்பித்தது, யார் யார் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அண்ணாச்சி நன்றாகத்தான் வாசித்தார். அந்தக் குரலுக்காகவே கூட்டத்துக்கு வருகிறவர்கள் உண்டு. 4.48க்குப் பக்கம் முடிந்தது. பதினோரு வருஷப் பழக்கம்... நிமிர்ந்து சிவப்பு நாற்காலியைப் பார்த்தார்.

பார்த்தபடியே நின்றுவிட்டார்.

"சரி" என்றாள் அக்கா.

அண்ணாச்சியின் கையில் தாள் படபடவென்று அடித்துக்கொண்டது. மின்விசிறிக் காற்று என்று நினைத்தேன். அண்ணாந்து பார்த்தேன். மின்விசிறி ஓடவில்லை.

இரண்டாம் பக்கம். குரல் உள்ளே போய்விட்டது. வரிகளை விட்டு விட்டு வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டார். நாற்காலிப் பக்கம் திரும்பவே இல்லை. பொய் சொன்ன வெட்கம் என்று நினைத்தேன். 5.01க்கு முடித்தார். "சரியா?" என்று கேட்கவில்லை.

கேட்காமலே பதில் வந்தது.

"சரி."

நான் அக்காவின் டீ கிளாஸைப் பார்த்தேன். அரை மணி நேரமாக அப்படியே இருந்தது. என் டீயில் ஆடை படிந்திருந்தது. அந்த டீயில்... ஆவி இல்லை, ஆடை இல்லை, ஒரு அசைவு இல்லை.

அண்ணாச்சி மூன்றாம் பக்கத்தை எடுத்தார். கேமராக்காரர்கள் ஸ்டாண்டை நகர்த்தி முன்னால் வந்தார்கள்.

5.03. பின்னால் கதவு திறந்தது.

சர்ரென்று மழைச் சத்தம். எல்லோரும் திரும்பினார்கள்.

சுடலைக்கண்ணன்.

ஐயோ, இவன் ஏன் வந்தான்? இந்தப் பக்கத்தை இவன் கேட்கக் கூடாதே. நனைந்து போய் நின்றான். தலையில் போட்டிருந்த துண்டாலேயே துவட்டினான். துண்டு விலகியது.

மொட்டைத் தலை.

மீசையும் இல்லை.

அவனுக்கு அப்பா சின்ன வயசிலேயே போய்விட்டார்.

அப்படியானால்... இந்த மொட்டை யாருக்கு?

மணிக்கட்டில் பிடி இன்னும் இருந்தது.

நான் திரும்பவில்லை. என்னால் முடியவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. என் மூச்சு. பக்கத்தில் மூச்சே இல்லை.

கொஞ்சம் கொஞ்சமாகக் கண்ணைத் திருப்பினேன்.

மடிப்புக் கலையாத சேலை.

ஒட்டி வைத்த இரண்டு கால். பெருவிரல்களைச் சேர்த்து... ஒரு துணிக் கயிறு.

அக்கா மகனைப் பார்க்கவில்லை. மேடையைத்தான் பார்த்தாள்.

கையைத் தூக்கினாள். ஊதாப் பெருவிரலை அவருக்கு நேராக நீட்டினாள்.

"இல்ல."

5.04.

அண்ணாச்சியின் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. மறுபடி திறந்தது. வரவில்லை. மீன் மாதிரி மூன்று தடவை. பிறகு ஃபைலை மூடினார். "இன்னைக்கு... இத்தோட... முடிச்சுக்கலாம்" என்றார்.

மணிக்கட்டில் பிடி இல்லை.

நாற்காலி காலி.

யாரும் அலறவில்லை. எதுவும் நடக்காத மாதிரி கூட்டம் கலைந்தது. மூன்றாம் பக்கம் என்ன ஆயிற்று என்று கேமராக்காரர்கள் முணுமுணுத்தார்கள். ஆஸியா தட்டை எடுக்க வந்தவள், "ஏன் பானு, காலி நாற்காலிக்கு எதுக்கு டீ வாங்கி வச்சே? யாராவது வர்றதா இருந்தாங்களா?" என்றாள்.

படியில் சுடலைக்கண்ணன் என்னைப் பிடித்துக்கொண்டான். அழுதான்.

"அம்மா போயிட்டா சித்தி. வியாழக்கிழமை. காலைல அஞ்சு நாப்பதுக்கு. உங்க நம்பர் என்கிட்ட இல்ல. கோமதி மாமாகிட்டச் சொன்னேன், நீங்க ஊர்ல இருக்கீங்க, நான் சொல்லிக்கிடுதேன்னாரு. சொல்லலையா?"

சொல்லவில்லை. அக்கா போனதைக் கூட என்னிடம் சொல்லவில்லை. கடைசியாக ஒரு தடவை முகத்தைப் பார்க்கக் கூட விடவில்லை. படிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"சர்டிபிகேட் பேப்பர் வாங்கித் தாறேன்னாரு. போன் எடுக்கல, அதான் நேர்ல வந்தேன். நல்ல மனுசன் சித்தி. நான் டாக்டரைக் கூட்டிட்டு வரப் போனப்ப முதல் ஆளா வந்து அம்மா பக்கத்துல உக்காந்தாரு. பொம்பளைங்க கூட்டம் போடக் கூடாதுன்னு கதவைச் சாத்திக்கிட்டு, கால் மணி நேரம் தனியா காவல் இருந்தாரு."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"ஒண்ணு கேக்கணும் சித்தி. குளிப்பாட்டும்போது அம்மா பெருவிரல்ல ஒரே மை. எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்ச்சும் போகல. அத்தைங்க எல்லாம் கேக்காங்க. என்ன மை அது?"

என் வலது மணிக்கட்டை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன்.

"தெரியலையேப்பா" என்றேன்.

அவனை அனுப்பிவிட்டு மேலே போனேன். 5.25. ஹாலில் அவர் மட்டும். சிவப்பு நாற்காலிக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"ஏன் அண்ணாச்சி?" என்றேன். அவரை அப்படிக் கூப்பிட்டது அதுதான் கடைசி.

"போயிட்டவளுக்கு என்ன பானு கஷ்டம்... வரலாறுன்னு ஒண்ணு இருக்குல்லா."

"நீங்களும் பாத்தீங்கல்லா?"

சுவரை விட்டுக் கண்ணை எடுக்காமலே, "அந்த நாற்காலியை வெளிய தூக்கிப் போடு" என்றார். நான் போடவில்லை. ஃபைலையும் மெமரி கார்டையும் எடுத்துக்கொண்டேன். அவர் தடுக்கவில்லை. மூன்றாம் பக்கத்தை அன்றைக்கே அடுப்பில் போட்டேன். கார்டை இடித்துப் பொடியாக்கினேன்.

இன்றைக்கும் அவர்தான் செயலாளர். ஊரில் எந்த வீட்டுத் துக்கத்துக்கும் முதல் போன் அவருக்குத்தான் போகிறது. சுடலைக்கண்ணன் பொங்கலுக்கு அவருக்கு வேட்டி எடுத்துக் கொடுத்தான். என் கண் முன்னால்தான் கொடுத்தான். என்னால் வாயைத் திறக்க முடியாது. திறந்தால், அந்த மூன்றாம் பக்கத்தில் அப்படி என்னதான் இருந்தது என்று அவன் கேட்பான். அக்காவுக்குக் கையில் அடித்துக் கொடுத்த சத்தியத்தை வைத்தே என் வாயையும் கட்டிவிட்டார் அந்த மனிதர்.

ஒன்றை மட்டும் இன்னும் சொல்லவில்லை.

அன்று ராத்திரி 7.40க்கு வீட்டில் ஃபைலைத் திறந்தேன். மார்ச்சில் அக்கா வைத்த கைநாட்டு இருந்தது. கலங்கி, மூன்றாகப் பிரிந்து, கோலத்தை நாய் மிதித்த மாதிரி. என் மணிக்கட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அக்கா பிடித்த இடத்தில் ஊதா மை. அதுவும் அதே மாதிரி கலங்கி, மூன்றாகப் பிரிந்து இருந்தது. சோப்புப் போட்டும் மூன்று நாள் போகவில்லை.

பிறகு அவர் கூட்டத்தில் தூக்கிக் காட்டிய ஒப்புதல் தாளை எடுத்தேன். ஜூன் 30 என்று தேதி போட்டிருந்தார். அதே பெருவிரல்தான். வட்டமாக, அழகாக, ஒரு கோடு கூடக் கலையாமல் இருந்தது.

அந்த விரல் நடுங்கவே இல்லை.